ஐநூற்றொரு ரூபாய்ச் சுவர்

ஸ்கேனுக்கு வருகிறவர்களை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைப்பார்கள். குடித்துவிட்டு அவர்கள் கால் மாற்றிக் கால் போட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், கடைசியில் பில் போடுகிற அமலாவைப் பார்ப்பார்கள். இன்னும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். திண்டிவனத்தில் அந்த ஸ்கேன் சென்டரில் சேர்ந்த நாளிலிருந்து இந்தத் தவிப்பைப் பார்த்துப் பழகியவள்தான் அமலா. ஆனால் அந்தப் புதன்கிழமை காலை அங்கே இருந்தவர்களிலேயே அதிகம் தவித்தவள் அவள். இத்தனைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

காசு போடும் டிராயரைப் பாதி திறந்து, அதற்குள் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் பங்கு விலை அதில் ஓடிக்கொண்டிருந்தது. நானூற்றுத் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. மறுபடி தொண்ணூற்றாறு. சந்தை திறப்பதற்கு முன்பே, ஐநூற்றொன்றுக்கு வந்தால் விற்றுவிடு என்று ஆர்டர் போட்டு வைத்திருந்தாள். விலை அங்கே போய்த் தொட்டுவிட்டால் மிச்சமெல்லாம் தானாக நடந்துவிடும். தொடவேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. பெருமுக்கல் போகிற வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை. இரண்டரை சென்ட். பெரிய பண்ணைக்காரர்கள் அந்த இடத்தில் வைக்கோல் போர் கூடப் போடமாட்டார்கள். ஆனால் அமலாவின் அப்பா பூமாலை ஆயுசு முழுக்க அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் இதுவரை ஒரு சாண் மண் பதிவானது கிடையாது. "உம் பேருலயே எழுதிக்கலாம்" என்று அவளுடைய புருஷன் தென்னரசு சொன்ன அன்று, அப்பா எழுந்து வெளியே போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

மனைக்கான பணம் பேங்கில் பத்திரமாக இருப்பதாகத் தென்னரசு நம்பிக்கொண்டிருந்தான். அவன் பெயிண்டர். புதுச்சேரி வரைக்கும் போய்ச் சாரத்தில் தொங்கிச் சம்பாதித்ததை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுகிறவன். அந்தப் பணத்தைத்தான் போன வருஷம் அவனிடம் சொல்லாமல் எடுத்து இந்தப் பம்புக் கம்பெனியில் போட்டிருந்தாள். பெருக்கிக் கொடுக்கத்தான் எடுத்தாள். எடுக்கிறவர்கள் எல்லோருமே பெருக்கிக் கொடுக்கத்தான் எடுக்கிறார்கள். இன்றைக்கு விற்றால்தான் வெள்ளிக்கிழமை காலைக்குள் பணம் பேங்குக்கு வந்து சேரும். நாளைக்கு விற்றால் பத்திரம் எழுதும்போது கையில் இருக்காது.

இதெல்லாம் ஆரம்பித்தது விழுப்புரத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே செல்வகுமார் ஷேர் மார்க்கெட் வகுப்பு எடுத்தார். அதற்கு முன்னால் உரக்கடையில் விற்பனை பார்த்துக்கொண்டிருந்தவர். மாடி ஏறியதும் டை கட்டிக்கொண்டார், அந்த வெயிலில். வளவனூர், ஓமந்தூர், திண்டிவனம் என்று நாலு பக்கத்திலிருந்தும் ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். கரும்பு போடுகிறவர்கள், டீச்சர்கள், பேங்கில் நகைக்கு எடை போடுகிறவர், அமலா மாதிரி மாதச் சம்பளக்காரர்கள். மனிதரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். விலை ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் முட்டி முட்டித் திரும்புகிறதே, அது ஏன் என்பதை.

"போன வருஷம் மல்லாட்ட மூட்ட ஒரு நல்ல வெலக்கிப் போச்சு. இன்னும் ஏறட்டும்னு நாம விக்காம உட்டுட்டோம். எறங்கிப்போச்சு. மூட்ட வூட்லயே கெடக்குது. மறுபடியும் அதே வெல வந்தா இன்னா பண்ணுவோம்? அல்லாரும் ஒண்ணா வண்டி கட்டிக்கினு மார்க்கெட் கமிட்டிக்கு ஓடுவோம். வாசல்ல அத்தினி வண்டி நின்னா வெல ஏறுமா? அதாங்க ரெசிஸ்டன்ஸ்."

சொல்லிவிட்டுப் பலகையில் உச்சிகளைத் தொட்டு நேராக ஒரு கோடு இழுத்தார். எல்லோருக்கும் புரிந்தது. கமிட்டி வாசலில் வண்டியோடு நின்றவர்கள் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அமலாவுக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடித்துப்போனது. பார்ப்பதற்குக் கோடு, ஆனால் அதற்குள் விட்டுப்போன விலைக்காகக் காத்துக்கிடக்கிற ஜனங்கள். அன்று ரயிலில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்ததிலெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

இத்தனை தெளிவாகச் சொன்ன அதே செல்வகுமார்தான் அடுத்த மாதம், பம்புக் கம்பெனி கோட்டை உடைத்துவிட்டது, தடையே இல்லை, இனி பறக்கும் என்றார். வகுப்பு முழுவதும் ஐநூறை ஒட்டி வாங்கியது. பறந்தது வாஸ்தவம்தான், கீழ்ப்பக்கமாக. அதற்கும் சார் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன செய்ய? அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் லாபம் என்ற பேச்சே நின்றுபோனது. போட்ட காசு வந்தால் போதும் சாமி என்று ஒரே வேண்டுதலாக இருந்தது. ஒரு வருஷத்தில் விலை இரண்டு முறை ஐநூறை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிவிட்டது. இது மூன்றாவது முறை.

பத்தரை மணிக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. எதிரே நின்ற பெரியவரின் சீட்டைப் பார்த்துப் பில்லைத் தட்டினாள். டிராயருக்குள் விலை ஐநூறு. அவர் பணம் கொடுத்தார். ஐநூறும் இருபது காசும். பெரியவர் பில்லைத் தூக்கிப் பிடித்து நிதானமாகப் படித்துவிட்டு, "ஏம்மா, எனக்கு எதுக்குக் கர்ப்பப்பை ஸ்கேனு?" என்றார். வரிசையில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் திண்டாடினார்கள். அவள் மன்னிப்புக் கேட்டுச் சிறுநீரகத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு டிராயரைப் பார்த்தபோது விலை நானூற்றுத் தொண்ணூற்றைந்தில் இருந்தது.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அப்படி யார்தான் அங்கே குறுக்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று, விற்பவர்கள் வரிசையைத் திறந்தாள். நடப்பு விலைக்கு அடுத்த நாலைந்து விலைகளில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அதில் தெரியும். விலை மறுபடி மெல்ல மேலே ஏறியபோது அதுவரை தெரியாத ஒரு கடைசி வரி திரையில் வந்து விழுந்தது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பதரையில் இரண்டு பேர். ஐநூறில் நாலு பேர். ஐநூறரையில் ஒருவர். ஐநூற்றொன்றில் ஐம்பத்து மூன்று பேர்.

அமலா அதையே வெறித்துப் பார்த்தாள். ஐநூறு என்றால் யாருக்கும் வாயில் வருகிற எண். பம்பாயில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஐநூற்றொன்றில் என்ன வேலை? அவள் எதற்காக ஐநூற்றொன்று போட்டாள் என்று அப்போதுதான் தன்னையே கேட்டுக்கொண்டாள். யோசித்துப் போட்டதே இல்லை. கை தானாகப் போட்டது. கல்யாணத்துக்கு மொய் எழுதினாலும் காதுகுத்துக்கு எழுதினாலும் ஒரு ரூபாய் சேர்த்துத்தானே எழுதுவது? பூஜ்யத்தில் நிறுத்தினால் அதோடு நின்றுபோகும் என்பார்களே! ஒரு நல்ல காரியத்துக்காக எண்ணைத் தட்டும்போது அந்த ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

வளவனூர் கிருஷ்ணவேணிக்குப் போன் போட்டாள். வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரி, அவளைவிட நாலைந்து வயது மூத்தவள். என்ன விலைக்குப் போட்டிருக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஐநூத்தி ஒண்ணுதான். ஏன், நீ எவ்ளோ போட்ட?" என்றாள் கிருஷ்ணவேணி. தன் மச்சினனுக்கும் அதே விலைக்குத்தான் போட்டுக் கொடுத்ததாகவும் சொன்னாள்.

சுவர் எங்கேயோ பம்பாயில் இல்லை. செல்போன் கடை மாடியில்தான் இருந்தது. அறுபது பேரும் தினம் காலையில் பல் விளக்கிய கையோடு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய் அதே ஒரு ரூபாயில் நின்றிருக்கிறார்கள். வெளியூர்க்காரன் பார்க்கிறான், மேலே இத்தனை கூட்டம் நிற்கிறது, இனி ஏறாது என்று முந்திக்கொண்டு கீழேயே விற்றுவிட்டுப் போகிறான். விலை இறங்குகிறது. இவர்கள் ஐயோ போச்சே என்று அடித்துக்கொள்கிறார்கள். இந்தச் சின்னக் கம்பெனிப் பங்கை வாங்கி விற்கிற கூட்டமே கொஞ்சம். அதில் விழுப்புரம் ஜில்லாவின் ஒரு வகுப்பே சுவராக நிற்கப் போதுமானதாக இருந்தது.

நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு தொண்ணூற்றாறுக்கே விற்றுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. குறைகிற பணத்துக்குக் கம்மலை அடகு வைத்தால் ஆயிற்று. ஆனால் போட்ட காசுக்குக் கீழே விற்க அவளுக்குக் கை வரவில்லை. குழுவில் பேசிவிடுவது என்று முடிவு செய்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூச்சு வாங்க வாங்கப் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். நாமேதான் நமக்குச் சுவராக நிற்கிறோம் என்றாள். வெள்ளிக்கிழமைப் பதிவைச் சொன்னாள். புருஷனுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

முதலில் செல்வகுமார், மார்க்கெட்டில் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டார். அடுத்து வந்தது ஓமந்தூர் பெரியதம்பியின் குரல். கரும்பும் நெல்லும் போடுகிற மனுஷன். நாலு தலைமுறையாகச் சொந்த நிலம். வகுப்பில் எதைக் கேட்டாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் கேட்பார்.

"தோ பாரு பாப்பா, மண்ணு வாங்கப் போறவங்களுக்குக் குறுக்க நிக்கக் கூடாது. நான் என் ஆர்டர எடுத்துட்டேன். மத்தவங்களும் எடுங்க. அந்தப் பொண்ணு மொதல்ல போவட்டும், நாம பொறவு பாத்துக்கலாம்."

அமலா டிராயருக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று என்பது நாற்பதாயிற்று. இருபத்தெட்டு. எடுத்துட்டேன், எடுத்தாச்சு என்று குழுவில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தது. கிருஷ்ணவேணி மச்சினனுடையதையும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். பன்னிரண்டு. ஐந்து. அவர்களில் பாதிப்பேருடைய வீட்டு வாசல்படியைக் கூட அவள் மிதித்ததில்லை. மிதிக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. இன்று அவளுக்காக வரிசையிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஐநூற்றொன்றில் ஒரே ஒரு ஆள் மிச்சம் இருந்தார். அது அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பில்லைப் போட்டாள்.

சுவர் போனதும் விலைக்குக் கால் முளைத்தது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நிற்காமல் ஐநூறு. இன்னும் ஒரு ரூபாய். சும்மா இருந்திருந்தால் போதும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அமலாவின் பார்வை மேலே போனது. ஐநூற்றொன்றுக்கு மேலே கூட்டமே இல்லை. வெட்டவெளி. ஐநூற்றிருபது வரைக்கும் அங்கே ஒருவர் இங்கே ஒருவர்தான்.

ஐநூற்றொன்றுக்கு விற்றால் எடுத்த பணம் வரும். ஆனால் ஒரு வருஷ வட்டி? தென்னரசு பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்கிறவன் இல்லை, ஆனாலும் பத்திரத்தன்று பேங்குக்கு அவனும்தானே வருவான். ஐநூற்றிருபத்தொன்றுக்குப் போனால் வட்டியும் சேர்ந்து வந்துவிடும். அவனிடம் இந்த ஜென்மத்தில் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. தடை உடைந்தால் பறக்கும் என்று சார் சொன்னது பொய்யில்லையே, அன்றைக்கு உண்மையில் உடையவில்லை, இன்றைக்கு அவள் கண்ணெதிரே உடைந்திருக்கிறது! ஐநூறும் அறுபது காசும் என்று ஓடியபோது, அவள் விரல் ஆர்டரைத் திறந்து ஐநூற்றொன்றை அழித்து ஐநூற்றிருபத்தொன்று என்று மாற்றியது.

விலை ஐநூற்றொன்றைத் தாண்டிப் போனது. மூன்று. ஐந்து. ஏழு. மாற்றியது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அப்போது குழுவில் பெரியதம்பி எழுதியிருந்தார். வித்துட்டியா பாப்பா? கீழே கிருஷ்ணவேணியும் அதையே கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டுப் பேர்.

என்னவென்று சொல்வாள்? ஐம்பது பேர் விலகி வழிவிட்டிருக்கிறார்கள், இவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்கிறாள் என்றா சொல்வது? இன்னும் பத்து நிமிஷத்தில் எப்படியும் விற்றுவிடப் போகிறோம், முன்னால் சொன்னால் என்ன, பின்னால் சொன்னால் என்ன என்று தோன்றியது. விற்றுவிட்டேன் ஐயா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி என்று தட்டி அனுப்பினாள்.

குழு பூத்துக் குலுங்கியது. கைதட்டல், மாலை, வேளாங்கண்ணி மாதா படம், பிள்ளையார் படம் எல்லாம் வந்து விழுந்தன. பெண்ணின் காரியம் முடிந்தது, இனி நம் காரியத்தைப் பார்ப்போம் என்று எல்லோரும் திரும்பினார்கள். விலைதான் கைமீறி மேலே போயிருந்ததே, அதனால் ஐநூற்றொன்று வேண்டாம், ஐநூற்றுப் பதினொன்று போடுவோம் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் மொய் எண்தான். சற்று நேரத்தில் பதினொன்றில் நாற்பது பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், இருபத்தொன்றில், யாருக்கும் தெரியாமல் அமலா நின்றாள்.

ஐநூற்றொன்பது வரை வந்த விலை அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டது. ஏழு. நாலு. அவள் ஆர்டரை ஐநூற்றைந்துக்கு மாற்றினாள். விலை மூன்று. இரண்டுக்கு மாற்றினாள். அதற்குள் அது ஐநூறு. எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் சில்லறை கேட்டு நின்றாள். கொடுத்துவிட்டுத் திரும்பினால் தொண்ணூற்றேழு. அப்போதாவது வந்த விலைக்குத் தள்ளியிருக்கலாம். கம்மலும் காதில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஐநூற்றொன்பதைப் பார்த்த கண் தொண்ணூற்றேழை ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி ஏறும் என்றது. தொண்ணூறு. எண்பத்து நாலு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மூடி வைத்தாள். மூன்றரைக்குச் சந்தை மூடியபோது விலை நானூற்று அறுபத்தெட்டு. இப்போது கம்மலோடு தாலியைச் சேர்த்து வைத்தாலும் போதாது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நம்மில் ஒருத்தராவது நிலம் வாங்கப் போகிறோம், நம் குழுவுக்கு ராசி என்று எழுதியிருந்தார்கள். கிருஷ்ணவேணி போன் செய்து, "எங்களுது கெடக்குது, அடுத்த வாட்டி பாத்துக்கலாம். உனக்கு ஆச்சே, அது போதும்டி" என்றாள். அமலா ஏதோ சொல்லி வைத்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் ஸ்கேன் முடிந்து போய்விட, நாற்காலிகள் காலியாக இருந்தன.

மேஜையைப் பூட்டிவிட்டு எழுந்தபோது மறுபடி போன் அடித்தது. பெரியதம்பி. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"பாப்பா, பத்திரத்துக்கு ரெண்டு சாட்சி வேணுமே, ஆள் வெச்சிருக்கியா?"

அவள் மேஜைச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"இல்லன்னா ஒண்ணு நான் போட்டுடறேன். வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னாடியே கையெழுத்து ஆயிடணும். காலைலயே வண்டி எடுத்துக்கினு வந்துடறேன். உங்கப்பாவையும் இட்டுக்கினு வந்துடு, இன்னா. மனுஷன் பாக்கணும்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தென்னரசு வந்து நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் சுண்ணாம்பு. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"சரிங்க ஐயா, வந்துடுங்க" என்றாள் அமலா.